பலகைக்கு அடியில் ஒரு கம்பி

ரூசே நகர வானொலிக் கழகத்தில் தன் வேலையில் குறை இருந்ததாக ஒப்புக்கொண்டவன் எவனும் இல்லை. ஒக்னியானுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவர்களிடமே போய்க் கருத்துக் கேட்டான்.

வீட்டிலேயே பற்றவைத்துக் கட்டிக்கொள்ளும் சிற்றலை ரேடியோ கிட் ஒன்றை அவன் வடிவமைத்திருந்தான். ஒரு சர்க்யூட் போர்டு, ஒரு பை உதிரிகள், ஒரு செய்முறைத் தாள். பள்ளி ரேடியோ வகுப்புகளுக்காக இருநூறு போர்டுகள் அச்சாக வேண்டும். திங்கட்கிழமை வரைபடம் தொழிற்சாலைக்குப் போகிறது. போனபின் திருத்த முடியாது. அதில் பிழை இருந்தால் இருநூறு பிள்ளைகளின் மேசையில் அவன் பெயர் பொறித்த குப்பை கிடக்கும். அதனால்தான் முதல் கிட்டுகளைக் கழகத்தாரிடம் கொடுத்து, கட்டிப் பார்த்துக் குறை சொல்லச் சொன்னான்.

சொன்னார்கள். பெட்டியின் பச்சை நிறம் மட்டமாம், மெத்தோதி சொன்னார். ஆயுளெல்லாம் ரேடியோ கட்டிய ஸ்பாஸ், தாளைப் பிரிக்காமலே கட்டினேன், கனகச்சிதமாகப் பாடுகிறது என்று எழுதினார். மற்றவர்கள் எழுதியதும் இதே ரகம்.

ஒருத்தி மட்டும் வேறு மாதிரி எழுதினாள். தெனிட்சா, நோட்டரி வக்கீல், கழகத்துக்குப் புதியவள். சத்தத்தைப் பாதிக்கு மேல் கூட்டினால் மோட்டார் படகுபோல டப டப என்று அடிக்கிறதாம். அதை ஒக்னியான் கூட்டத்தில் உரக்கப் படித்தான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முதலில் ஈயம் வைக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று அவளுக்குப் பதில் போட்டான்.

ஞாயிறன்று குன்றின்மேல் கழகத்தார் கூடினார்கள். அடுப்பில் கெபாப்சே இறைச்சி கருகியது, ரக்கியா சாராயம் காலியானது, மேசை நிறையப் பச்சைப் பெட்டிகள் முழுச் சத்தத்தில் பாடின. தெனிட்சா தன் பெட்டியை ஒக்னியான் முன்னால் வைத்துச் சத்தத்தை முழுக்கக் கூட்டினாள். டப டப டப.

"மேடம், பத்திரத்துல முத்திரை குத்துற மாதிரி ஈயத்தையும் குத்திட்டீங்களா?" என்றார் ஸ்பாஸ். மறுபடி சிரிப்பு.

"திறந்து பாருங்க. தப்பு என்னோடதுன்னா காட்டுங்க, போயிடறேன்," என்றாள் அவள் ஒக்னியானிடம்.

திறந்தான். ஏளனமாக ஏதாவது சொல்ல ஓர் இடம் தேடினான், கிடைக்கவில்லை. பற்றவைப்பு ஒவ்வொன்றும் சுத்தமாக இருந்தது. எரிச்சலோடு ஒப்பிட்டுப் பார்க்க ஸ்பாஸின் பெட்டியை இழுத்தான்.

"அத எதுக்குடா தொடுற? நல்லா ஓடுறத நோண்டாதே," என்று ஸ்பாஸ் கையை வைத்து மறைத்தார்.

"கைய எடுண்ணே."

போர்டைப் புரட்டினான். பேட்டரியின் மைனஸிலிருந்து ஒலிபெருக்கிச் சில்லுக்கு ஒரு சிவப்புக் கம்பி ஓடியது. வரைபடத்தில் அப்படி ஒரு கம்பியே கிடையாது. மெத்தோதியின் பெட்டியைத் திறந்தான். அதே இடத்தில் நீலக் கம்பி. அடுத்ததில் தடித்த செம்புக் கம்பி, மேலே கறுப்பு டேப். போர்டில் அவன் மயிரிழையாய் வரைந்திருந்த மைனஸ் மின்பாதை போதாமல்தான் ரேடியோ டப டப என்று அடித்திருக்கிறது. அத்தனை பேருக்கும் அடித்திருக்கிறது. அத்தனை பேரும் கமுக்கமாகச் சரிசெய்துகொண்டு வாயை மூடியிருக்கிறார்கள்.

"ஏண்ணே எழுதல?" என்று ஸ்பாஸிடம் கேட்டான்.

"எழுதினா? ஸ்பாஸுக்கு ஒரு பொடிப்பய செஞ்ச கிட்டக்கூட ஓட்டத் தெரியலன்னு ஊரெல்லாம் பேசுவீங்க."

"அந்தம்மா எழுதினதுக்குச் சிரிச்சியே."

"படிச்சுக் காட்டினவன் நீ. நான் மட்டும் அழணுமா?"

மெத்தோதி இறைச்சியைத் திருப்பப் போய்விட்டார். மானம் போகும் நேரத்தில் இவர்களுக்கு அடுப்பில் எப்போதும் வேலை இருக்கும்.

"உங்களோடது எங்க?" என்று கேட்டாள் தெனிட்சா.

ஒக்னியானுடையது வீட்டில் இருந்தது. முதல் மாதிரி, துளைப் பலகையில் தடித்த கம்பிகளால் கையாலேயே இணைத்தது. அதில் இந்தக் கோளாறு வர வழியில்லை. விற்கப்போகும் போர்டை அவன் ஒருமுறைகூடக் கட்டிப் பார்த்ததில்லை.

"நான் கிட்டைக் கட்டல," என்றான்.

"சமைச்சவரு வாயில வைக்கல. நல்லது."

அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. இந்த மந்தையின் முன்னால் கேட்க முடியவில்லை. "பாதைய அகலமா வரைஞ்சு, மாதிரிக்கு ஒரு போர்டு மட்டும் அடிச்சுத் தரேன்," என்றான். "நீங்க கட்டிப் பார்க்கணும். அதுவரைக்கும் இருநூறு போர்டும் அச்சுக்குப் போகாது."

"கட்டறேன். பக்கத்துல நீங்க உக்காரணும். வாயத் திறக்கக் கூடாது."

திங்கட்கிழமை வரைபடம் போகவில்லை. ஒற்றைப் போர்டு வந்த அன்று மாலை, அவளுடைய அலுவலகத்தில், கட்சிக்காரர்கள் உட்காரும் நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். அவள் தாளை வரிவரியாகப் படித்து அப்படியே செய்தாள். நாலாவது வரியில் ஒரு டையோடைத் தலைகீழாகப் பொருத்தினாள். முதல் கிட்டில் தாளை விட்டுப் போர்டின் குறியைப் பார்த்து வைத்திருந்தாள்; தாளில் அவன் எழுதியிருந்ததை இப்படித்தான் படிக்க முடியும். அவனுக்கு நாக்கு துறுதுறுத்தது.

"அது வந்து..."

"பேசாதீங்க," என்றாள் அவள், ஈயக்கம்பியை நீட்டியபடி. "அந்த வரிய மாத்தி எழுதுங்க."

அவன் பேனாவை எடுத்தான்.