தலையை அசைக்காதீங்க

உலகத்தாருக்கு இதனால் அறிவிப்பது என்னவென்றால், மனச்சோர்வு மூளையின் எந்த மூலையில் குடியிருக்கிறது என்பது கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. கண்டுபிடித்தவர் மனநலப் பேராசிரியர். சிகிச்சைக்கு முன் ஒரு ஸ்கேன், பின் ஒரு ஸ்கேன். இரண்டையும் அருகருகே வைத்தால் உண்மை தானாகப் பல்லைக் காட்டுமாம். ஒரே ஒரு ஆளின் இரண்டாவது படம்தான் பாக்கி.

அந்த ஆள் பஸ் டிரைவர். பத்து மாதம் வீட்டில் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தவர். எட்டு வாரம் மாத்திரையும் பேச்சு சிகிச்சையும் ஆயிற்று. டாக்டர் கடிதம் கொடுத்தால் மறுபடி வண்டி தருவதாக டிப்போவில் சொல்லியிருந்தார்கள். பேராசிரியரோ, "முதல்ல படம் சொல்லட்டும், அப்புறம் நான் சொல்றேன்" என்று பேனாவை மூடிவிட்டார்.

முதல் ஸ்கேனில் டிரைவர் படுத்த படுக்கைக்கு மரக்கட்டையே வெட்கப்பட்டிருக்கும். இந்தத் தடவை ஸ்கேன் குழாய்க்குள் போன இரண்டாவது நிமிஷமே ஒலிபெருக்கியில் குரல் கேட்டது.

"ஏம்மா, என்ன சத்தம் இது? கியர் பாக்ஸ் போயிருக்கு, பாத்துக்கங்க."

"பேசாதீங்கண்ணே, தலை ஆடுது" என்றாள் ஸ்கேன் எடுக்கும் பெண்.

அடுத்து உள்ளே இருந்த திரையில் சோக முகங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். பார்த்ததும் பொத்தானை அமுக்க வேண்டும். நாலாவது முகத்துக்கு டிரைவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அப்படியே எங்க செக்கிங் இன்ஸ்பெக்டரும்மா! டிக்கெட் எல்லாம் சரியா இருந்தா இப்படித்தான் மூஞ்சி தொங்கும்!"

படம் கலங்கிய குட்டை. மறுபடி எடுத்தார்கள்; மறுபடி சிரிப்பு. மூன்றாம் முறை பேராசிரியரே மைக்கைப் பிடுங்கினார்.

"இங்க பாருங்க, ஏதாவது சோகமா நினைச்சுக்கிட்டு ஆடாம படுங்க!"

உள்ளே பெருமூச்சு இழுத்துவிடும் சத்தம். பிறகு பணிவான குரல்: "முயற்சி பண்றேங்கய்யா. வரமாட்டேங்குது."

வெளியே உட்கார்ந்திருந்த மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"குணமானதுக்கு அத்தாட்சி வேணும்னா என்னைக் கேளுங்க டாக்டர். நேத்து சாப்பாட்டுல உப்பு இல்லன்னு என்கூட சண்டை போட்டாரு. பத்து மாசத்துல முதல் சண்டை! சந்தோஷத்துல நானும் நல்லா திருப்பிக் குடுத்தேன்."

"அது அறிவியல் ஆகாதும்மா."

"சார், நோய் இருந்தப்போ அசையவே இல்ல" என்றாள் ஸ்கேன் பெண், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்போ மூணு தடவை போட்டும் அடங்கல. இதுக்கு மேல என்ன சார் வேணும்?"

பேராசிரியர் திரையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், குழாய்க்குள்ளிருந்து வந்துகொண்டிருந்த சீட்டியையும் கேட்டார். பேனாவைத் திறந்தார்.

திங்கட்கிழமை காலை டிரைவர் வண்டி எடுத்தார். அவருடைய படங்கள் தரமற்றவை என்று ஆய்விலிருந்து நீக்கப்பட்டன.