ஒத்துக்கொண்ட வழக்கு

விழாவில் மைக் வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். முப்பத்திரண்டு வருஷம் கோர்ட்டு வாசலில் டவாலி போட்டுக்கொண்டு நின்று பெயர் கூப்பிட்டவனுக்கு மைக் எதற்கு என்று முறைத்தேன். அந்தத் திமிர் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், இன்றைக்குப் போடி கடைத்தெருவில் நான் தலையைக் குனிந்துகொண்டு நடக்க வேண்டியிருக்காது.

கோர்ட்டு புதுக் கட்டிடத்துக்குப் போன பிறகு பழைய ஓட்டுக் கட்டிடம் வௌவால் அடைந்து கிடந்தது. ஊர்க்காரர்கள் கமிட்டி போட்டு அதை அருங்காட்சியகம் ஆக்கினார்கள். பழைய தராசு, ஏலக்காய் உலர்த்திய தட்டு, அந்தக் காலத்து ரயில் படம் எல்லாம் சுவரோரம் வந்து உட்கார்ந்தன. கூண்டும் ஜட்ஜு மேடையும் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. கமிட்டித் தலைவர் எட்வர்ட், பெரிய ஏலக்காய் வியாபாரி. அன்றாடம் பார்த்துக்கொள்வது முத்துப்பிரியா, வரலாறு படித்த பெண். மாதம் ஒரு சனிக்கிழமை ஏதாவது நடத்துவாள். ஒரு தடவை கோலப் போட்டி, ஒரு தடவை கண் பரிசோதனை முகாம். முதலாம் ஆண்டு விழாவுக்கு, இங்கே நடந்த பழைய வழக்கு ஒன்றை நாடகமாகப் போடலாம் என்றாள்.

"திருப்பதி ஐயா, உங்களுக்குத் தெரியாத கேசா? சிரிக்கிற மாதிரி ஒண்ணு சொல்லுங்க."

கேட்டால் போதுமே எனக்கு! தூக்குவாளி கேசைச் சொன்னேன். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் எஸ்டேட்டிலிருந்து வேலை முடிந்து இறங்கிய ஜீப்பை மறித்துச் சோதனை போட்டார்கள். ஒரு பெண்ணின் தூக்குவாளியைத் திறந்தால் மேலே ஒரு பிடி சோறு, அடியில் முழுக்கப் பச்சை ஏலக்காய். "தூக்குவாளி மாறிப்போச்சுங்கய்யா" என்று அவள் அழுததை நான் மூக்கைச் சிந்தி நடித்துக் காட்டினேன். கமிட்டியே விழுந்து விழுந்து சிரித்தது. ஜீப்பில் பதினாறு பேர், பதினாறும் ஒரே மாதிரி அலுமினியத் தூக்குவாளி என்பதை நான் சொல்லவில்லை. அதைச் சொன்னால் சிரிப்பு வராது.

இன்னொன்றையும் சொல்லவில்லை. அந்தக் கேசுக்கு வாய்தா மேல் வாய்தா. ஒவ்வொரு தடவையும் அவள் கைப்பிள்ளையோடு குரங்கணியிலிருந்து வந்து வராந்தாவில் சுருண்டு கிடப்பாள். கூலி போச்சு, பிள்ளைக்குப் பாலில்லை என்று புலம்புவாள். ஒருநாள் எனக்குப் பசி, எரிச்சல். "ஏம்மா, ஆமா எடுத்தேன்னு ஒத்துக்கிட்டு அபராதத்தைக் கட்டிட்டுப் போயேன். இன்னைக்கே சோலி முடிஞ்சிரும்" என்றேன். வெள்ளை உடுப்பும் பித்தளை வில்லையும் போட்டவன் சொன்னால் அது கோர்ட்டே சொன்ன மாதிரி அவளுக்கு. உள்ளே போய் ஒத்துக்கொண்டாள். பத்து நிமிஷத்தில் முடிந்தது. ஒரு ஏழைக்கு உபகாரம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நான் சாப்பிடப் போனேன். சீ!

நாடகத்தில் நிஜப் பெயர் வேண்டாம் என்று முத்துப்பிரியா கண்டிப்பாகச் சொல்லி, 'மகாராணி' என்று மாற்றி எழுதினாள். ஸ்வீட்டி என்ற கல்லூரிப் பெண் மகாராணியாக நடிப்பது, எட்வர்டே கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு ஜட்ஜாக உட்காருவது, நான் வாசலில் நின்று கூப்பிடுவது என்று ஏற்பாடு. மூன்று தடவை ஒத்திகை பார்த்தோம். மூன்று தடவையும் மகாராணி என்றுதான் கூப்பிட்டேன். ஆனால் ஒத்திகைக்கு நான் லுங்கியில் வந்திருந்தேன்.

விழா அன்று பெட்டியில் கிடந்த உடுப்பை எடுத்து மாட்டினேன். சிவப்புப் பட்டை, வில்லை, தலைப்பாகை. கூட்டம் காட்ட வேண்டும் என்று எட்வர்ட், தான் சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் காய் தரம் பார்த்துப் பொறுக்கும் பெண்கள் முப்பது பேரையும் வேனில் கூட்டிவந்து உள்ளே நாற்காலிகளில் உட்காரவைத்திருந்தார். மைக் இல்லாமல், அந்தக் காலத்தில் கூப்பிட்டது போலவே கூப்பிட அதே வாசற்படியில் நின்றேன், நெஞ்சை நிமிர்த்தினேன், மூச்சை இழுத்தேன்.

"குரங்கணி சுருளியம்மாள்! சுருளியம்மாள்! சுருளியம்மாள்!"

என் நாக்கை அறுத்துப் போட வேண்டும். வாயைவிட்டுப் போன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. முத்துப்பிரியா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்வீட்டி போவதா நிற்பதா என்று முழித்தாள். அதற்குள் மூன்றாவது வரிசையில், காய் பொறுக்கும் பெண்களுக்கு நடுவில் ஒருத்தி எழுந்தாள்.

"இருக்கேன்யா."

ஐம்பத்தைந்து வயது இருக்கும். முன்தலை நரைத்திருந்தது. யாரையும் பார்க்காமல் வந்தாள். கூண்டுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, மேலே ஏறிக் கைகட்டி நின்றாள். எங்கே திரும்ப வேண்டும், எந்தப் பலகையில் நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"ஏ, நம்ம சுருளியக்கா!" என்று ஒருத்தி கத்தினாள். கைதட்டல், விசில். சுருளியம்மாள் திடுக்கிட்டுக் கூட்டத்தைப் பார்த்தாள். இது நாடகம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முகம் செத்துப்போயிற்று.

எட்வர்டுக்கு ஒரே குஷி. முத்துப்பிரியா ரகசியமாகச் செய்த ஏற்பாடு என்று நினைத்துவிட்டார். "அடடே, நம்ம கிட்டங்கி சுருளியா? நீ நடிக்கக்கூடச் செய்வியா? சரி சொல்லு, ஏலக்காய் திருடினதை ஒத்துக்கிறியா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில் நான், "பேரு மாறிப்போச்சு தம்பி, அந்தம்மாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று ஒரு பொய்யைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். உடுப்புக்குள் விறைத்துக்கொண்டு டவாலியாகவே நின்றேன்.

"ஒத்துக்கிறேன்யா" என்றாள்.

கட்டிடம் அதிரச் சிரித்தார்கள். அவள் இறங்கினாள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். அவள் அழுதுகொண்டு போனதைப் பார்த்த இரண்டு மூன்று பெண்கள்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினார்கள்.

விழா முடிந்து வடையும் டீயும் கொடுத்துக்கொண்டிருந்தபோது எட்வர்ட் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"அண்ணே, நெசத்தைச் சொல்லுங்க. அந்தக் கேசு நம்ம சுருளி மேலதானா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். இரண்டாவது தடவையாக எனக்கு வழி கிடைத்தது. ஆனால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தூக்குவாளி மாறியது, வாய்தா, கைப்பிள்ளை, நான் சொல்லித்தான் அவள் ஒத்துக்கொண்டது, எல்லாம். அவளுக்காகச் சொல்லவில்லை. என் பாரம் இறங்கினால் போதும் என்று சொன்னேன். எட்வர்ட் டீயைக் குடித்து முடித்தார்.

"டவாலி சொன்னாருன்னு செய்யாத தப்பை ஒருத்தி ஒத்துக்குவாளாண்ணே?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை கிட்டங்கி வாசலிலேயே அவளை நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று முத்துப்பிரியா போனில் சொன்னாள். "ஏன் ஐயா அந்தப் பேரைச் சொன்னீங்க?" என்று கேட்டு அழுதாள். நான் செருப்பைக்கூட மாட்டாமல் எட்வர்டிடம் ஓடினேன். வயதில் இருபது இளையவர், அவர் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"மூட்டை மூட்டையா காய் கிடக்கிற இடம்ணே. மத்தவங்க முணுமுணுக்கிறாங்க. அதுவே வந்து, என் மூஞ்சியப் பாத்து எடுக்கலன்னு சொல்லட்டும். அப்புறம் பாப்போம்."

அது போதும் என்று எனக்கு உயிர் வந்தது. செவ்வாய்க்கிழமை விடியற்காலை, எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு நிற்கும் இடத்தில் அவளைக் கண்டுபிடித்தேன். போடிமெட்டு போகிற ஜீப்பு. பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இளம்பெண்கள் நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் இவள், மழைக்குப் போர்த்துகிற பிளாஸ்டிக் தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒன்பது வருஷம் நிழலில் உட்கார்ந்து காய் பொறுக்கியவள், இந்த வயதில் மறுபடியும் மலைச்சரிவில் குனிந்து காய் எடுக்கப் போகிறாள்.

"சுருளியம்மா, எட்வர்டு தம்பி ஒரு வழி சொல்லியிருக்காரு. நீ வந்து, நான் எடுக்கலன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நானும் கூட வர்றேன். பழையபடி வேலைக்குச் சேந்துக்கலாம்."

அவள் கோபப்பட்டிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். கைப்பிள்ளையோடு நின்ற நாளில் பேசியது போலவே மெதுவாகத்தான் பேசினாள்.

"ஒம்பது வருசத்துல அவுக கிட்டங்கியில ஒரு காய் குறைஞ்சிருக்காய்யா? அது அவுகளுக்கே தெரியும்ல?"

"தெரியும்மா. இருந்தாலும் நீ ஒரு வார்த்தை..."

"அன்னைக்கு எடுத்தேன்னு சொல்லச் சொன்னீக, சொன்னேன். எம்புருசன் சாகுறவரைக்கும் என்னைக் களவாணின்னே கூப்பிட்டுச் செத்தாரு. இன்னைக்கு எடுக்கலன்னு சொல்லச் சொல்றீக. நீங்க சொல்லித்தர்றதை எல்லாம் சொல்லிக்கிட்டே இருக்கணுமா நான்?"

புருஷன் கதை எனக்குத் தெரியாது. இருபத்தாறு வருஷமாக அந்தக் கேசைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன், அவள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று ஒருநாள்கூட நினைத்ததில்லை.

"என்னை மன்னிச்சிரும்மா" என்றேன்.

டிரைவர் ஆரன் அடித்தான். அந்த இளம்பெண்கள் கை கொடுத்து அவளை மேலே தூக்கிவிட்டார்கள். கம்பியைப் பிடித்து நின்றபிறகு குனிந்து என்னைப் பார்த்தாள்.

"தள்ளி நில்லுங்கய்யா, ஜீப்பு எடுக்கப் போறான்" என்றாள்.

தள்ளி நின்றேன்.