அக்கரை விளக்கின் வயர்

படகுக்காரரின் அக்கா வீட்டுச் சமையலறையில் எரிந்த விளக்குக்கு வயர் கிடையாது. வீடு அக்கரையில் இருந்தது. விளக்குக்கு வேண்டிய மின்சாரம் தம்பியின் படகு மோட்டாரிலிருந்து ஆற்றைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. மோட்டார் ஓடினால் எரியும், நின்றால் அணையும். அக்கரையில் படகுக்குக் காத்திருப்பவர்கள் அந்தச் சமையலறை ஜன்னலைப் பார்த்துவிட்டுத்தான் மூட்டையைத் தூக்கினார்கள். முதலில் அது படகின் பின்பக்க விளக்காக இருந்தது. அக்காவும் தம்பியும் சேர்ந்து மாட்டியது. அப்பா வீட்டுச் சாவியை யார் தொலைத்தது என்று ஆரம்பித்த வாய்த்தகராறு, சின்ன வயதில் உடைந்த சிலேட்டு வரைக்கும் பின்னோக்கிப் போய், கடைசியில் அக்கா கத்தரிக்கோலால் வயரை வெட்டி விளக்கைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். அக்கரைக்குப் போக வேறு வழியில்லாததால் தம்பியின் படகில்தான் போனார். ஆளுக்கொரு கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் போய் விளக்கை ஆணியில் மாட்டிக் கை எடுப்பதற்குள் அது எரிந்தது. படகு அப்போது திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

சாவி பிறகு மோட்டார் மூடிக்குள்ளேயே கிடைத்தது. அதைச் சொல்ல ஒரு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தார் படகுக்காரர். பார்த்துக்கொண்டே வருடங்கள் போயின. தினமும் அக்கரைக்குப் போனார், ஒரு நாளும் கரையேறவில்லை. விளக்கு எல்லாவற்றையும் குடித்துவிட்டதால் படகின் பேட்டரி மட்டும் எப்போதும் காலியாகவே கிடந்தது. சுவிட்சை அழுத்தினால் மோட்டார் ஒரு முறை முனகிவிட்டுப் படுத்துவிடும். கயிற்றைச் சுற்றிக் கையால் இழுத்துத்தான் கிளப்ப வேண்டும். "அண்ணே, மோட்டார் ஓட்டுறீங்களா, கிணத்துல தண்ணி இறைக்கிறீங்களா?" என்று பயணிகள் கிண்டல் செய்வார்கள். "ஏன், உனக்கும் ஒரு குடம் வேணுமா?" என்பார் அவர். தோள்பட்டை இறங்கி, சட்டை மாட்டவே இன்னொருவர் கை வேண்டும் என்ற நிலை வந்த பிறகுதான் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

மெக்கானிக் அந்தக் கரைக்குப் புதிது. சின்னப் பெண். எதையும் ஒரு முறை அளந்து நம்பமாட்டாள் என்பதால் வந்த வேகத்திலேயே 'மறுபடி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். விளக்கு விஷயம் அவளுக்குத் தெரியாது. ஊருக்கே தெரிந்த ஒன்றை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. பேட்டரி முனைகளில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டினாள். ஃப்யூஸைக் கழற்றிப் பார்த்தாள். மோட்டாரை ஓடவிட்டு, அது அனுப்பும் மின்சாரத்தை மீட்டரில் அளந்தாள்: பதினான்கு வோல்ட், குறையில்லை. பேட்டரியில் வைத்தாள்: பன்னிரண்டைத் தாண்டவில்லை. தன் மீட்டரைத்தான் முதலில் சந்தேகப்பட்டாள், அப்புறம் தன் கையை. மறுபடி அளந்தாள். நடுவில் எங்கோ போகிறது. பலகைக்கு அடியில் பேட்டரியிலிருந்து கிளம்பிய ஒரு சிவப்பு வயர், பாதியில் வெட்டப்பட்டு, முனையில் டேப் சுற்றி, எதையும் தொடாமல் கிடந்தது.

"அண்ணே, இது எங்க போகுது?"

படகுக்காரர் அக்கரையைப் பார்த்தார். பிறகு டீக்கடையைப் பார்த்தார். "அது ஒண்ணுமில்லம்மா. மத்தது எப்படியோ போகட்டும், அந்த வயரை மட்டும் கொஞ்சம் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அவள் பார்த்துக்கொண்டாள். வயரை அடியோடு கழற்றி, மிச்சமில்லாமல் சுருட்டிப் பையில் போட்டாள். மீட்டர் விறுவிறுவென்று பதினான்குக்கு ஏறியது. மறுபடி அளந்தாள், அப்போதும் பதினான்கு. மோட்டாரை நிறுத்தினாள். அவர் திரும்பி வந்து சுவிட்சை அழுத்தியதும் மோட்டார் ஒரே அழுத்தில் உறுமியது. பயணிகள் கைதட்டினார்கள். அவர் அக்கரை ஜன்னலைப் பார்த்தார். அது இருட்டாக இருந்தது.

"பாத்துக்கோன்னுதானே சொன்னேன்."

"பாத்துட்டேனேண்ணே" என்றாள் அவள். அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

அக்கரையில் அக்கா சில நாட்கள் விளக்கைத் துடைத்துத் துடைத்து மாட்டிப் பார்த்தார். படகு வந்தது, போனது, விளக்கு எரியவில்லை. "இத்தனை நாள் சும்மா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தான். இப்பத்தான் நெசமாவே அறுத்துவிட்டுட்டான்" என்று மீன்காரியிடம் சொல்லிவிட்டு, விளக்கையும் எடுத்துக்கொண்டு, பேருந்தில் வெகுதூரத்திலிருந்த மகன் வீட்டுக்குப் போய்விட்டார். மீன்காரி அடுத்த நடையில் அதைப் படகுக்காரரிடம் சொன்னபோது, அவர் படகைக் கட்டாமலேயே இறங்கி ஓடினார். அப்பா வீட்டுச் சாவி சட்டைப்பையில் இருந்தது. வீடு பூட்டியிருந்தது. அந்தப் பூட்டுக்கு அந்தச் சாவி சேராது.

மெக்கானிக் பெண் மறுபடி அதே வயரைக் கொண்டுவந்து அதே இடத்தில், அதே பழைய டேப்பைச் சுற்றி மாட்டினாள். பேட்டரி நிறைந்தே இருந்தது. முனைகளைத் தளர்த்தினாள், துரு ஏறவிட்டாள், ஈரத்துணி சுற்றினாள். பேட்டரி நிறைந்தே இருந்தது. இருக்கிற பழுதைத் தேடத்தான் அவள் படித்திருந்தாள். இல்லாத பழுதைக் கொண்டுவர யாரும் சொல்லித்தரவில்லை. அந்த வேலைக்குக் கூலி வாங்காததோடு, வாரம் தவறாமல் வந்து, தான் சரிசெய்ததைக் கெடுக்க முயன்றாள். படகுக்காரர் அவளை ஒரு நாளும் கடிந்துகொள்ளவில்லை. "நான்தான்ம்மா வாயத் தொறந்து சொல்லியிருக்கணும். அவகிட்டயும்தான்" என்று ஒரே ஒரு முறை சொன்னார். மகனின் ஊர்ப்பெயரை அக்கா மீன்காரியிடம்கூடச் சொல்லாமல் போயிருந்தார். அந்த வார்த்தையைக் கேட்கிற உரிமை அக்காவுக்குத்தான் இருந்தது, அவர் கேட்கிற தூரத்தில் இல்லை.

சில மழைக்காலங்கள் கழிந்தன. மகனிடமிருந்தும் செய்தி இல்லை. ஒரு நாள் மாலை படகுக்காரர் சுவிட்சை அழுத்தினார். மோட்டார் ஒரு முறை முனகிவிட்டுப் படுத்துவிட்டது. அவர் சத்தம் போட்டுச் சிரித்ததைப் பயணிகள் அன்றுதான் கேட்டார்கள். மறுபடி ஓடிவந்து மீட்டரை வைத்தாள். மோட்டாரில் பதினான்கு, பேட்டரியில் பன்னிரண்டு. மிச்சம் எங்கோ போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு தூரம், யார் வீட்டு ஆணிக்கு, போய்ச் சேருகிறதா என்று கேட்டுச் சொல்ல ஆளில்லை.

"இன்னொரு தடவை அளந்து பாக்கலையா?" என்றார் அவர்.

"வேணாம்ணே" என்று மீட்டரை மடித்துப் பையில் வைத்தாள். அவர் இறங்கிய தோளோடு கயிற்றைச் சுற்றினார். அன்றிலிருந்து அந்தப் படகைக் கையால் இழுத்துத்தான் கிளப்புகிறார்கள். ஒரு பக்கம் அவர் பிடிக்கிறார், ஒரு பக்கம் அவள்.