நாத்தனார் கையில் கோல்

1

இந்தக் கதையை மாடிவீட்டுப் பெண் சொன்னாள். எழுதச் சொல்லவில்லை. எழுதி, வாசித்துக் காட்டினேன்.

“இருள் அவளுக்குப் பழகிய…”

“அதை அடிங்க சார்.”

அடித்துவிட்டேன்.

2

பார்வையற்ற பெண்களுக்கான மல்லாந்த நீச்சல் போட்டி. கை வீச்சை எண்ணிக்கொண்டே வருவார்கள். சுவர் நெருங்கும்போது கரையில் நிற்பவர் நீண்ட கோலின் பஞ்சு நுனியால் தலையில் தட்ட வேண்டும். சீக்கிரம் தட்டினால் வேகம் போச்சு. தாமதித்தால் மண்டை போச்சு.

முதலில் கோல் பிடித்தவள் மாடிவீட்டுப் பெண்ணின் அக்கா. தங்கைக்கு அடிபட்டுவிடுமே என்று எப்போதும் இரண்டு வீச்சு முன்பே தட்டினாள். அணித் தேர்வில் தங்கை அரை நொடியில் தோற்றாள். இன்னும் ஒரே ஒரு தேர்வு பாக்கி. அதிலும் தோற்றால் வீட்டில் இருக்கலாம் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார்.

“பாசம் இல்லாத கை வேணும்” என்று தங்கை தன் நாத்தனாருக்கு ஆள் அனுப்பினாள். மூன்று வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. [காரணம் ஒரு சோபா. அது தனிக் கதை.]

“அண்ணி தலையில தட்டணுமா? கரும்பு தின்னக் கூலியா?” என்று வந்து நின்றாள் நாத்தனார்.

3

இரண்டு மாதம். ஒரு தட்டும் பிசகவில்லை. நேரம் ஒரு நொடி குறைந்தது.

(இங்கே நாத்தனாரின் மனம் மெல்ல… வேண்டாம். கரையேறும்போது துண்டை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். அவ்வளவுதான்.)

தேர்வு நாள் காலை. ஒத்திகை நீச்சலில் தட்டு சீக்கிரம் விழுந்தது.

“ஏன்டி?”

“பயமா இருந்துச்சு அண்ணி.”

இதைச் சொல்லும்போது மாடிவீட்டுப் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். “ஐயையோ, இவளுக்கும் பாசம் வந்துடுச்சு சார்!”

வேறு வழியில்லை. குளக்கரையிலேயே சண்டையைத் தொடங்கினாள்.

“உங்கம்மா சமையலுக்கு இந்தக் குளத்துத் தண்ணியே தேவல.”

“எங்கம்மாவ இழுக்காதீங்க!”

“இழுப்பேன். அந்த சோபாவும் எனக்குத்தான்.”

விசில் ஒலித்தது.

4

முதல் முடிவு: நாத்தனார் கோபத்தில் தாமதித்தாள், மண்டையில் மூன்று தையல். வாசித்தேன். மாடிவீட்டுப் பெண் சிரித்தாள்.

இரண்டாவது: கச்சிதமான தட்டு, அணியில் இடம், இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

“ஒரு தட்டுல குடும்பம் ஒண்ணாயிடுமா? அடிங்க.”

“அப்போ நிஜமா என்னதான் ஆச்சு?”

“எல்லாத்தையும் நானே சொல்லிட்டா நீங்க எதுக்கு சார்?”

மூன்றாவதாக எழுதிப் பார்த்தேன். ஐந்து வீச்சு மிச்சம் இருக்கும்போதே ஜெயிக்கவைத்துவிடுகிறேன். எனக்கும் அவளைப் பிடித்துப்போய்விட்டது. என் கை ஆகாது.

நீங்கள் வெளியாள். கோலைப் பிடியுங்கள். நான்கு வீச்சு. மூன்று.

கை நடுங்கினால் இப்போதே சொல்லிவிடுங்கள். வேறு ஆள் பார்க்க வேண்டும்.