தளரக் கட்டிய கயிறு

ஏற்காடு ஏரியில் அப்போது படகுக் குத்தகை என்னுடையது. புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு பிழைக்க வந்த மீனவர் மிக்கேலைப் படகோட்டியாக வைத்திருந்தேன். சாயங்காலம் படகுகளைக் கயிறு தளரவிட்டே கட்டுவார். காற்றுக்கு அவை ஒன்றோடொன்று மோதிப் பெயின்ட் உரியும். கேட்டால், "இறுக்கிக் கட்டுனா, தண்ணி ஏறுறப்ப படகு முங்கிரும்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானே போய் இழுத்துக் கட்டுவேன். திரும்பிப் பார்ப்பதற்குள் தளர்த்தியிருப்பார்.

ஒருநாள் பொறுக்க முடியவில்லை.

"ஏனுங்க, இது என்ன கடலுங்களா? இந்த மலை மேல தண்ணி எங்க ஏறப் போகுதுங்க?"

மிக்கேல் முடிச்சிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஏறாதுன்னு நம்பித்தான் எங்க ஊருல கடலோரமா ரயிலே விட்டாங்க."

அன்று மழை பிடித்துக்கொண்டது. குடையோடு ஏரிக்குப் போய், நானே இன்னும் கொஞ்சம் கயிறு விட்டேன்.