கோக்சாயில் விடாத ஆமை

மனிதருக்கு நோய் வந்தால் ஆஸ்பத்திரி இருக்கிறது. கோக்சாய் பள்ளத்தாக்கின் ஆமைகளுக்கு நோய் வந்தால் நான் இருக்கிறேன். அதாவது, ஒருவரும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கின் காவலுக்கென்று அரசாங்கம் எனக்கு ஒரு சீருடையும், ஒரு பழைய மோட்டார் சைக்கிளும், பாதையை மறிக்க ஒரு இரும்புச் சங்கிலியும் கொடுத்திருக்கிறது. மருந்து கொடுக்கவில்லை. இருந்தால்தானே கொடுப்பார்கள்.

நோய் மூக்கில் தொடங்கும். மூச்சு விடும்போது நுனியில் சின்னதாக ஒரு குமிழி வந்து வந்து உடையும். அப்புறம் இமை வீங்கிக் கண் ஒட்டிக்கொள்ளும். வாய்க்குள் மஞ்சளாக ஏடு படியும். எங்கள் ஆமைகள் வசந்தத்தில் மட்டும்தான் வெளியே நடமாடும். வெயில் ஏறியதும் மண்ணைத் தோண்டி உள்ளே போய் அடுத்த வசந்தம்வரை உறங்கும். நோய் கண்டது தோண்டாது, அதற்குத் தெம்பு இருக்காது. ஜூன் வெயிலில் மேலேயே கிடந்து வேகும். தோண்டுகிற அளவுக்குத் தெம்பிருந்தால் அது இன்னும் மோசம். ஒரே வளையில் நாலைந்து சேர்ந்து உறங்கும், ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வரும்.

பக்கத்துப் பள்ளத்தாக்கு அப்படித்தான் போயிற்று. அங்கே ஒரு மகானின் சமாதியும் ஊற்றும் உண்டு. வீட்டில் யாருக்காவது நோய் நீடித்தால், சந்தையில் ஒரு ஆமையை வாங்கி நோயாளியின் தலையைச் சுற்றி, ஊற்றங்கரையில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். ஆமை நோயைத் தூக்கிக்கொண்டு கண்காணாமல் போய்விடுமாம். எங்கள் பாட்டன் காலத்தில் ஆட்டு மண்டையோட்டைச் சுற்றிப் போட்டார்கள், அதனால் ஒருவருக்கும் கெடுதலில்லை. சந்தைக்காரன் ஒரே கூடையில் முப்பது நாற்பது ஆமைகளை அடைத்து வைத்திருப்பான். பாதி மூக்கொழுகிக்கொண்டிருக்கும். அதைத்தான் கொண்டுவந்து நல்ல ஆமைகளுக்கு நடுவே விட்டார்கள்.

ஏப்ரலில் ஆண் ஆமைகள் ஓட்டோடு ஓடு முட்டிக்கொள்ளும். கல்லும் கல்லும் இடிக்கிற மாதிரி சரிவெங்கும் சத்தம் கேட்கும். சில வசந்தங்களுக்குள் அங்கே அந்தச் சத்தம் அடங்கிவிட்டது. போன வருஷம் போய் நின்றேன். காற்று மட்டும்தான். 

வெறும் ஓடுகள் கிடப்பதைப் பார்த்தாவது ஜனங்கள் பயந்து நிறுத்துவார்கள் என்று நினைத்தேன். எனக்குத்தான் புத்தி மட்டு. பேரனை அழைத்து வந்த ஒரு கிழவர் அந்த ஓடுகளைக் காட்டித் தலையாட்டினார்.

"பாத்தியா மகளே, எத்தன பேரோட நோயை வாங்கிக்கிட்டுப் போயிருக்குன்னு?"

"இது மனுச நோய் இல்லீங்க ஐயா. சந்தையில ஒண்ணுக்கொண்ணு ஒட்டிக்கிட்ட ஆமை நோய். உங்க கையில இருக்கறதப் பாருங்க, மூக்குல ஒழுகுது."

"நோய்னு நீயே சொல்ற. அதைத்தானே நாங்களும் சொல்றோம்."

ஆமைகள் சாகச் சாகக் கூட்டம் கூடியது. கடைசியில் அங்கே ஆமையே இல்லாமல் போனதும், அந்த இடத்தின் சக்தி தீர்ந்துவிட்டது என்று ஒரு பேச்சு கிளம்பிற்று. அடுத்தது கோக்சாய். அதனால்தான் சங்கிலியைக் கட்டிப் பூட்டு போட்டேன். இந்த வசந்தத்தில் ஒரு வண்டியைக்கூட உள்ளே விடவில்லை. கல்நெஞ்சக்காரி, பிள்ளை பெறாதவள், எல்லாம் கேட்டாகிவிட்டது. பள்ளத்தாக்கில் முட்டுகிற சத்தம் கேட்கும்வரை யார் என்ன சொன்னாலும் எனக்குத் தூக்கம் வந்தது.

ஏப்ரல் நடுவில் என் தங்கை போத்தகோஸ் வந்தாள். கூட அவள் மகன் ஜல்காஸ். ஆறு வயது. ரத்தத்தில் நோய். அல்மாத்தி ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றி ஏற்றி முடியெல்லாம் கொட்டி, காதுவரை இறக்கிய கம்பளித் தொப்பியோடு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான். போத்தகோஸின் மடியில் ஒரு செருப்புப் பெட்டி.

"பொட்டியில என்னடி?"

"தெரிஞ்சுக்கிட்டே கேக்காதக்கா."

"மருந்து ஏறுதுல்ல? டாக்டர் என்ன சொன்னாரு?"

"பாக்கலாம்னாரு. பாக்கலாம்னா என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதா?"

மூடியைத் திறந்தேன். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. இரண்டு கண்ணும் ஒட்டியிருந்தன. மூக்கில் குமிழி.

"போத்தா, இது உள்ள போனா மொத்தப் பள்ளத்தாக்கும் போயிடும்."

"என் புள்ள போனா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

"ஆமையையும் என் புள்ளையையும் ஒரே தராசுல வைக்கிறல்ல? வச்சிட்டுச் சொல்லு, எந்தத் தட்டு எறங்குதுன்னு."

மற்றவர்களைத் திருப்பி அனுப்பிய வாய் எனக்கு அப்போது வரவில்லை. "சுத்து. வளை எங்க இருக்குன்னு எனக்குத்தான் தெரியும். நானே கொண்டுபோய் விடறேன்" என்றேன்.

அவள் ஆமையை மகனின் தலையைச் சுற்றினாள். ஜல்காஸ் நெளிந்துகொண்டு, "பெரியம்மா, இது என் தலையில மூத்திரம் போயிடுமா?" என்று கேட்டான். போனால் முடி நன்றாக வளரும் என்றேன். சிரித்தான். போத்தகோஸ் பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, வழக்கப்படி திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்தாள். அந்த வழக்கம் எனக்கு உதவியாகப் போயிற்று. வண்டியின் தூசி அடங்கியதும் சங்கிலியைத் தாண்டாமலே திரும்பி, ஆமையை என் வீட்டுக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தேன். சாயங்காலம் போனில், "விட்டுட்டேன்டி, நல்லா நடந்து போச்சு" என்றேன்.

கொன்று புதைத்திருக்கலாம். மனசு வரவில்லை. அதுவும் இந்த மண்ணின் ஆமைதான், விரும்பியா சந்தைக்குப் போயிற்று? கொட்டகைக்கென்று தனி பூட்ஸ், தனி கையுறை வைத்துக்கொண்டேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பள்ளத்தாக்கில் கால் வைக்கவில்லை.

மே மாதம் ஜல்காஸின் ரத்தம் தேறிக்கொண்டு வருவதாகச் செய்தி வந்தது. நான் குளியலறையில் போய் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அந்த வாரக் கடைசியில் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். சங்கிலிக்கு முன்னால் வரிசையாகக் கார்கள். முதல் காரிலிருந்து போத்தகோஸ் இறங்கினாள், கையில் தட்டு நிறைய எண்ணெயில் பொரித்த ரொட்டி, முகமெல்லாம் சிரிப்பு.

"எல்லாரும் ஜல்காஸ் இருந்த வார்டுலேர்ந்து வந்திருக்காங்கக்கா. எங்கக்காவே தன் கையால விட்டா, அதான் புள்ள பொழச்சான்னு சொன்னேன். இவங்களதையும் விட்டுடுக்கா."

ஒவ்வொரு மடியிலும் ஒரு பெட்டி. கண்ணாடிகளுக்குப் பின்னால் குழந்தைகள், எல்லோருடைய தலையிலும் தொப்பி. நான் ரொட்டித் தட்டைப் பார்த்தேன். சங்கிலிக்கு அந்தப் பக்கம் டொக் டொக்கென்று ஓடுகள் முட்டிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் என்னைத் தவிர வேறு யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை.

"நான் விடலை" என்றேன். "உள்ளேயே விடலை. அது என் கொட்டகையில இருக்கு. ஜல்காஸைப் பொழைக்க வச்சது மருந்து. நம்பலைன்னா இருங்க, எடுத்துட்டு வரேன்."

எடுத்து வந்து காட்டினேன். மூக்கில் நுரை தள்ளிக்கொண்டு, கழுத்தை நீட்டி, விசில் மாதிரி மூச்சு விட்டது. ஒருத்தி தன் மகளை இழுத்துப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "நோயைப் புடிச்சு வீட்டுல வச்சிருக்கா" என்று யாரோ முணுமுணுத்தார்கள். கார்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்ந்து திரும்பின. நான் சொன்னது ஒருத்தருக்கும் புரியவில்லை, என்னைப் பார்த்துப் பயந்தார்கள், அவ்வளவுதான். கோக்சாய் அன்று அந்தப் பயத்தில் பிழைத்தது. அப்படியாவது பிழைத்ததே என்று இருந்தது எனக்கு.

போத்தகோஸ் மட்டும் போகவில்லை. கொட்டகைக்குள் வந்து குனிந்து அந்த ஆமையை வெகுநேரம் பார்த்தாள்.

"கண்காணாமப் போய்ச் செத்தா நோயும் அதோட செத்துடும். வீட்டுக்குள்ள செத்தா வந்த வழியே திரும்பிடும். உனக்குத் தெரியுமில்ல?"

"ஒண்ணும் ஆகாதுடி."

"உனக்கு ஆகாது." தட்டைத் தரையில் வைத்தாள். "இந்த மாசக் கடைசியில பெரிய பரிசோதனை. அதுவரைக்கும் இதை உசுரோட வை. நீதானே ஆமைக்கு அம்மா. வை."

அன்றிலிருந்து தினமும் காலையில் போன் வரும். எப்படி இருக்கே என்றெல்லாம் கேட்க மாட்டாள்.

"மூச்சு விடுதா?"

"விடுது."

வைத்துவிடுவாள். நானும் முடிந்ததையெல்லாம் செய்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைத்தேன். மூக்கைத் துடைத்தேன். கீரையைக் கசக்கிச் சாறு பிழிந்து வாயில் சொட்டுச் சொட்டாக விட்டேன். எந்த ஆமைக்கும் நான் இவ்வளவு பார்த்ததில்லை. பரிசோதனைக்கு முந்தைய வியாழக்கிழமை காலையில் கொட்டகைக்குப் போனபோது கழுத்து வெளியே தொங்கிக் கிடந்தது. தொட்டேன். உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை.

போன் அடித்தது.

"மூச்சு விடுதா?"

"விடுது" என்றேன்.

"ஞாயித்துக்கிழம வரேன்க்கா. திங்கக்கிழம பரிசோதனை. ஒருதரம் கண்ணால பாத்துட்டா நிம்மதியாப் போவேன்."

செத்ததை ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன். அடுத்த நாள் தேய்த்துக் குளித்து, துணி மாற்றி, சங்கிலியைத் தாண்டிப் பள்ளத்தாக்குக்குள் போனேன். பதினைந்து வருஷமாக இங்கே இருக்கிறேன். ஆமை திருட வந்தவர்களைத் துரத்தியிருக்கிறேன், ஒருத்தனைப் பல் உடைய அடித்திருக்கிறேன். ஒரு ஆமையைக்கூட நான் எடுத்து வந்ததில்லை. புல் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது, பாதிக்கு மேல் மண்ணுக்குள் போய்விட்டன. சரிவில் ஒன்று மும்முரமாக மேய்ந்துகொண்டிருந்தது. அதே அளவு. தூக்கியதும் கோபமாகச் சீறிற்று. புதுப் பெட்டியில், கொட்டகைப் பக்கமே போகாமல், சமையலறையில் கொண்டுவந்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எடுத்த இடத்திலேயே விட்டுவிடலாம் என்று கணக்கு.

இருந்ததில் நல்லதாகத்தான் பார்த்து எடுத்தேன். திடமான ஆமையைக் கண்டால் சந்தோஷப்பட மட்டும்தான் எனக்குத் தெரியும். அவளும் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். ஜல்காஸ் தொப்பியில்லாமல் இறங்கினான். தலையில் பூனை மயிர் மாதிரி முடி முளைத்திருந்தது. இறங்கியதும் வாசலில் என் கோழிகளைத் துரத்த ஆரம்பித்துவிட்டான். போத்தகோஸ் நேராகச் சமையலறைக்கு வந்து பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டாள். ஆமை இலையைக் கடித்து இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. கண் இரண்டும் கருகருவென்று மின்னின.

"பாத்தியா, எப்படித் தின்னுது" என்றேன். எனக்கே குரலில் பெருமை தட்டியது.

அவள் சிரிக்கவில்லை. விரலை நீட்டி அதன் மூக்கைத் தொட்டாள். விரலைத் திருப்பிப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

"சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"முழுசாவா?"

"முழுசா."

அவள் முகம் வெளிறிப்போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மெல்ல எழுந்து ஜன்னலுக்குப் போனாள். வெளியே நல்ல காற்று. ஜல்காஸ் ஓட்டத்தை நிறுத்திவிட்டுச் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். எந்தக் குழந்தைதான் துடைக்காது?

"நோய் இதை விட்டுப் போயிடுச்சுன்னா" என்றாள், அவனைப் பார்த்தபடியே, "அப்போ அது எங்க போச்சுக்கா?"