கம்பெனி ஆக்கள்

வாப்பாவின் வலக்கை விரல்களை ஸப்வான் மூன்றாம் தடவையும் தேய்த்தான். நகக்கண்களில் இருந்த கிறீஸ் கறுப்பு போகவில்லை.

"விடுங்க மகன், அது தோலோட ஊறினது," என்றார் மையித்தைக் குளிப்பாட்ட வந்தவர்.

வாப்பா ஹுனைஸ் அன்று காலை முந்தல் பக்கம் ஓர் இறால் பண்ணையில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து மவுத்தாகிவிட்டார். மண் தோண்டும் பெக்கோவின் இரும்புக் கையில் இணைப்பாணி ஓடும் துளை தேய்ந்துபோனால், அந்தக் கையைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோவது பெரும்பாடு. ஹுனைஸ் தன் போரிங் மெஷினை த்ரீவீலில் ஏற்றிப்போவார். பெக்கோ நின்ற இடத்திலேயே மெஷினைப் பூட்டி, துளையை வெல்டிங்கால் நிரப்பி, மறுபடி பிசகில்லாத வட்டமாகக் கடைந்து கொடுப்பார். கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை அவரைத் தேடி ஆள் வரும்.

கொழும்பில் வங்கி வேலை கிடைத்த ஸப்வான், கல்யாணப் பேச்சில் வாப்பா ஒரு கம்பெனியில் இஞ்சினியர் என்றான். பக்கத்துக் கதிரையில் இருந்த ஹுனைஸ் திருத்தவில்லை. வலீமா விருந்தில் அவர் எல்லோருக்கும் வாயால் மட்டும் ஸலாம் சொன்னார். யாருக்கும் கை கொடுக்கவில்லை.

அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். மதுரங்குளி வீட்டு முற்றத்தில் டிப்பர் சாரதிகளும் வெல்டர்களும் வேலை உடுப்போடு வந்து நின்றார்கள். கொழும்பிலிருந்து வந்த மாமனார் நெய்னார் ஹாஜியார் அவர்களைப் பார்த்தார்.

"மருமகன், இவங்கெல்லாம் ஆரு?"

பக்கத்தில் ஜப்பார் நின்றான். விழுந்த வாப்பாவை வாரியெடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் அவன்தான். வாப்பாவின் மெஷின் இன்னும் அவனுடைய பெக்கோவில் பூட்டியபடியே இருந்தது.

இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஸப்வான் வாயைத் திறந்தான்.

"வாப்பாட கம்பெனி ஆக்கள், மாமா."

ஜப்பார் திரும்பிப் பார்த்தான்.

"ஓம் ஹாஜியார்," என்றான் ஜப்பார். "இஞ்சினியர் சேர்ட ஆக்கள்தான் நாங்க."

ஹாஜியார் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். ஸப்வானால் நிமிர முடியவில்லை.

"ஜப்பார் நானா..."

"பரவால்ல தம்பி. மகன்ட மாமா வீட்டாக்கள் கேட்டா இப்புடித்தான் செல்லோணும்னு வாப்பாவே எங்களுக்குச் செல்லி வச்சிருந்தார்."

மையித்தை வைத்த சந்தூக்கைத் தூக்கும் நேரம் முன்பக்கத்தை மகனுக்காக விட்டு வைத்திருந்தார்கள். ஸப்வான் அங்கே போகவில்லை. பின்னால், டிப்பர்க்காரர்களுக்கு நடுவில், யாரோ ஒதுங்கிக் கொடுத்த இடத்தில் தோளைக் கொடுத்தான்.